செம்பனை ஆலையில் ஃபைபர் ஆட்டோ பேக்கப்: நாள்பட்ட அனுபவம்

ஃபைபர் லைன் அறுந்தால் தானாக இரண்டாவது லைனுக்கு மாற்றிவிடும் ஆட்டோ பேக்கப் பெட்டி போடலாமா என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: தாராளமாகப் போடுங்கள், ஆனால் பெட்டியைத் தேர்ந்தெடுக்கச் செலவிடும் நேரத்தைவிட அதன் அலாரத்தை அமைக்க அதிக நேரம் கொடுங்கள். மலேசியாவின் சிலாங்கூரில் பெஸ்தாரி ஜெயா பக்கம் ஒரு செம்பனை ஆலையின் நெட்வொர்க்கை நான் பார்த்துக்கொள்கிறேன். ஆலைக்கும் எஸ்டேட் ஆபீஸுக்கும் நடுவே ஏறக்குறைய 6 கிலோமீட்டர். வெயிட்பிரிட்ஜ் (லாரி எடைமேடை) கணக்கு, கேமரா, போன் எல்லாம் அந்த ஒரே லைனில் ஓடிக்கொண்டிருந்தது. லைன் அறுந்தால் லாரிகள் கேட்டில் வரிசையாக நின்றுவிடும். வெட்டிய குலை கிடக்கக் கிடக்க எண்ணெயில் அமிலம் ஏறும், தரம் இறங்கும். அதனால்தான் இரண்டாவது கேபிளும் இரண்டு முனையிலும் ஓஎல்பி என்ற, தானாக லைன் மாற்றும் பெட்டியும் போட்டோம்.

பழைய கேபிள் சாலையோரக் கம்பத்தில் போகிறது. இரண்டாவதையும் அதே கம்பத்தில் கட்டினால் செலவு பாதி என்று குத்தகைக்காரர் சொன்னார், நான் ஒப்புக்கொள்ளவில்லை. ஒரு லாரி கம்பத்தில் மோதினால் இரண்டும் சேர்ந்தே போகும். தோட்டத்துக்குள் மண்ணில் புதைத்துத்தான் கொண்டு போனோம், அதுவும் இரும்புக் கவசம் போட்ட கேபிள். எலியைப் பிடிக்க ஆந்தைக் கூண்டு வைத்திருக்கும் எஸ்டேட்தான், இருந்தாலும் எலியை நம்பிச் சாதாரண கேபிளைப் புதைக்க எனக்கு மனம் வரவில்லை.

ஓஎல்பியில் இரண்டு வகை உண்டு. 1+1 வகையில் அனுப்பும் முனை ஒளியைப் பிரித்து இரண்டு லைனிலும் எப்போதும் அனுப்பும், வாங்கும் முனை நல்லதாக இருப்பதை எடுத்துக்கொள்ளும். 1:1 வகையில் ஒளி ஒரு லைனில்தான் போகும், அறுந்தால் இரண்டு முனையும் பேசிவைத்து ஒன்றாக மாற வேண்டும். நான் 1+1 எடுத்ததற்குக் காரணம் ஒன்றுதான்: சும்மா இருக்கும் லைனிலும் ஒளி வந்துகொண்டே இருப்பதால் அது உயிரோடு இருக்கிறதா என்று எந்நேரமும் தெரியும். இதற்கு விலை டெசிபலில் (டிபி), அதாவது வழியில் இழக்கும் ஒளியில். பாதியாகப் பிரிப்பதிலேயே 3 டிபிக்கு மேல் போய்விடும், பெட்டிக்குள் இருக்கும் ஒளி சுவிட்சையும் சேர்த்தால் 4, 5 டிபி. 1310 நானோமீட்டர் ஒளி அலைநீளத்தில் கிலோமீட்டருக்குச் சுமார் 0.35 டிபி என்று வைத்தால் 6 கிலோமீட்டருக்கு 2 டிபி, அப்புறம் இணைப்புகள். 10 கிலோமீட்டர் எஸ்எஃப்பிக்கு (ஒளியை அனுப்பி வாங்கும் செருகு மாட்யூல்) மொத்தமே 10 டிபி அளவு இழப்பைத்தான் தாங்க இடம் இருக்கும், அதில் மிச்சம் ஒன்றும் நிற்காது. அதனால் நீண்ட தூர ரகம் போட்டோம்.

வரும் ஒளி எவ்வளவு குறைந்தால் லைன் மாற வேண்டும் என்ற அளவை எங்கே வைப்பது என்பது முக்கியம். எங்கள் மாட்யூல் மைனஸ் 23 டிபிஎம் (ஒளியின் வலிமை அளவு, மைனஸ் கூடக் கூட ஒளி மங்கல்) வரை வாங்கும், வழக்கமாக வருவது மைனஸ் 12. மைனஸ் 15-ல் அலாரம், மைனஸ் 19-ல் மாற்றம் என்று வைத்திருக்கிறேன். பெட்டியோடு வந்த அமைப்பு மைனஸ் 25. அப்படியே விட்டால் ஒளி மெல்ல மெல்ல மங்கும்போது லைன் முதலில் செத்துவிடும், பெட்டி அப்போதும் எல்லாம் நலம் என்றே காட்டும்.

வேகத்தைப் பற்றிப் பெட்டிக்காரர்கள் 50 மில்லிசெகண்டுக்குள் என்பார்கள், அது உண்மைதான். ஆனால் சோதனை செய்யும்போது வெயிட்பிரிட்ஜ் தம்பி, “அண்ணே, ஸ்கிரீன் நின்னு போச்சே” என்று போன் பண்ணினார். ஓஎல்பி மாறிவிட்டது, ஆனால் அந்தக் கண நேர இருட்டிலேயே ஈத்தர்நெட் சுவிட்ச் போர்ட்டை டவுன் ஆக்கி, மறுபடி எழுப்பி, நெட்வொர்க்கில் வளையம் வராமல் பார்க்கும் ஸ்பானிங் ட்ரீ கணக்கையும் போட்டுவிட்டுத்தான் வழிவிட்டது. போர்ட் டவுன் ஆகும் முன் 200 மில்லிசெகண்ட் பொறுக்கும்படி சுவிட்சில் அமைத்த பிறகுதான் யாருக்கும் தெரியாமல் மாற ஆரம்பித்தது. உங்கள் சுவிட்சில் அந்த வசதி இருக்கிறதா என்று ஓஎல்பி வாங்கும் முன்பே பார்த்துவிடுங்கள்.

முதல் லைன் சரியானதும் தானாகத் திரும்புவதை நிறுத்தி வைத்திருக்கிறேன். மழைக்காலத்தில் கம்பத்தில் உள்ள கேபிள் இணைப்புப் பெட்டிக்குள் ஈரம் இறங்கி, காற்றுக்குக் கேபிள் ஆடி, ஒளி வந்து வந்து போகும். 5 நிமிடம் பொறுத்துத் திரும்பு என்று வைத்தால் இரவெல்லாம் இங்கும் அங்கும் மாறிக்கொண்டே இருக்கும். காலையில் ஆள் பார்த்துத் திருப்பினால் போதும்.

மறுநடவு நடந்தபோது எக்ஸ்கவேட்டர் தோட்டத்துக் கேபிளை இழுத்துவிட்டது. ஆலையில் ஒருவருக்கும் தெரியவில்லை, வேலைதான் சாலை லைனில் ஓடிக்கொண்டிருந்ததே. பெட்டி நெட்வொர்க் வழியே அனுப்பும் எஸ்என்எம்பி அலாரம் என் போனுக்கு வந்ததால்தான் போய்ப் பார்த்தேன். கறுப்பு உறை இழுபட்டு மெலிந்து, உள்ளிருந்த மஞ்சள் நார் மண்ணோடு பிசைந்து கிடந்தது. ஒளி அனுப்பி முறிவு எத்தனை தூரத்தில் என்று காட்டும் ஓடிடிஆரில் பார்த்தால் அறுந்த இடத்துக்குப் பல மீட்டர் முன்னாலேயே இன்னொரு முறிவு, இழுத்த வேகத்தில் உள்ளே இழை உடைந்திருக்கிறது. கண்ணுக்குத் தெரிந்த இடத்தை மட்டும் ஒட்டியிருந்தால் வீண் வேலை. அலாரம் இல்லாவிட்டால் சாலை லைன் போகும் நாளில்தான் பேக்கப்பே இல்லை என்று தெரிந்திருக்கும்.

மின்சாரம் போனாலும் ஒளி பழைய வழியிலேயே போகும்படி நிலையைப் பிடித்துவைக்கும் சுவிட்ச் உள்ள பெட்டியாகக் கேட்டு வாங்குங்கள், இடி மின்னல் ஊரில் அது இல்லாமல் சரிவராது. எங்களிடம் இன்னும் தீராத ஒன்று ஓடைப் பாலம். இரண்டு கேபிளும் அங்கே மட்டும் ஒரே பாலத்தைத்தான் கடக்கின்றன. கீழ்ப்பக்கம் குழாய் போட்டு ஒன்றைப் பிரிக்க நிர்வாகத்திடம் கேட்டிருக்கிறேன், விலைப்புள்ளி வர வேண்டும்.