தேயிலை ஃபேக்டரிக்கு எந்த ஒப்பந்தம்: கட்டிக் கொடுப்பதா, மிச்சத்தில் பங்கா?

கோத்தகிரி, குன்னூர், மஞ்சூர் பக்கம் கொழுந்து வாங்கி ஓட்டும் ஃபேக்டரிகளுக்கு எரிசக்தி கம்பெனிகள் நீட்டும் ஒப்பந்தங்கள் பெரும்பாலும் இரண்டு வகை. முதலாவது இ.பி.சி. வடிவமைப்பு, கொள்முதல், நிறுவும் வேலை எல்லாம் அவர்கள் பொறுப்பு, பணம் நம்முடையது. ஓட்டிக் காட்டிவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். இரண்டாவது எஸ்கோ. மெஷினை அவர்கள் காசிலேயே போட்டு, விறகிலும் கரண்டிலும் மிச்சமாவதில் சில வருஷங்களுக்குப் பங்கு எடுத்துக்கொள்வார்கள்.

கம்பெனிகளுக்கு இப்போது இரண்டாவதில்தான் நாட்டம். கட்டும் வேலை முடிந்தால் வருமானமும் முடிந்தது. சேவை ஒப்பந்தம் என்றால் மாதாமாதம் பணம். பாய்லர் செய்து விற்கும் தெர்மாக்ஸே ஒரு துணை நிறுவனம் வைத்து, பாய்லரை விற்காமல் நீராவியாக விற்கிறது. பொதுத்துறை மின் நிறுவனங்கள் சேர்ந்து 2009-இல் தொடங்கிய ஈ.ஈ.எஸ்.எல்., ஊர் ஊராகத் தெருவிளக்கை மாற்றியதும் இந்த வழியில்தான். இதில் தப்பொன்றும் இல்லை. ஆனால் தெருவிளக்கு தினமும் ஒரே மாதிரி எரியும். தேயிலை ஃபேக்டரி அப்படி ஓடாது. அதனால் மொத்த ஃபேக்டரிக்கும் ஒரே ஒப்பந்தம் போடுவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஃபேனுக்கு ஒரு வழி, தூளை உலர்த்தும் டிரையருக்கு வேறு வழி.

முதலில் டிராஃப் ஃபேன், அதாவது நீளமான தொட்டியில் பரப்பிய கொழுந்தை வாட்டக் காற்று ஊதும் ஃபேன். கொழுந்து பரப்பியதும் முழுக் காற்று வேண்டும். ஈரம் இறங்க இறங்க அவ்வளவு தேவையில்லை. ஃபேனின் வேகத்தை 80 சதவீதமாகக் குறைத்தால் அது இழுக்கும் மின்சாரம் ஏறக்குறைய பாதியாகிவிடும். மோட்டாரின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் ஒரு வி.எஃப்.டி. பெட்டி அதைச் செய்துவிடும். எப்போது குறைக்கலாம் என்பதை ஒரு பிடி கொழுந்தை உள்ளங்கையில் இறுக்கிப் பார்த்தே வாட்டுகிறவர் சொல்லிவிடுவார். உருண்டை குலையாமல் நின்றால் பதம் வந்துவிட்டது. மூடுபனி நாளில் மிச்சம் குறையும் என்பது உண்மைதான். இருந்தாலும் செலவு சின்னது, பலன் நிச்சயம். நிச்சயமான மிச்சத்தில் எதற்கு வெளியாளுக்குப் பங்கு? கோயம்புத்தூரில் வாங்கி, தெரிந்த எலக்ட்ரீஷியனை வைத்து மாட்டிக்கொள்ளலாம். இதற்கு இரண்டு ஒப்பந்தமுமே வேண்டாம்.

டிரையர் கதை வேறு. ஃபேக்டரி செலவழிக்கும் எரிசக்தியில் பெரும்பங்கு வெப்பம். இங்கே அது விறகு. இ.பி.சி.யில் டிரையருக்குச் சூடான காற்று தரும் புது ஹீட்டர் போட்டால், நல்ல வெயில் நாளில், காய்ந்த விறகில், தேர்ந்த ஆளை வைத்துச் சோதனை ஓட்டம் நடக்கும். கட்டாயம் பாஸாகும். ஜூலையில் நனைந்த யூகலிப்டஸ் கட்டை உள்ளே போகும்போது நிலைமை வேறு. எடையில் பாதி தண்ணீராக இருக்கும் விறகு, நன்றாகக் காய்ந்த விறகு தரும் வெப்பத்தில் ஏறக்குறைய பாதியைத்தான் தரும். அன்றைக்கு அந்தக் கம்பெனி கவலைப்படாது, பணம் வாங்கியாகிவிட்டது. எஸ்கோ கவலைப்பட்டே ஆக வேண்டும். விறகைப் பிளந்து அடுக்கக் கூரை போடு, அடுப்புக்காரருக்குப் பழக்கிக் கொடு என்று தானே முன்னால் நிற்கும். டிரையருக்கு நான் எஸ்கோ பக்கம் சாய்வது இதனால்தான்.

ஆனால் அதிலும் ஒரு பொறி உண்டு. மிச்சம் என்பது 'முன்பு எவ்வளவு செலவானது' என்ற அடிப்படைக் கணக்கிலிருந்து வருவது. அந்த அளவை ஜனவரி, பிப்ரவரியில் எடுத்தால் போச்சு. உறைபனிக் காலத்தில் கொழுந்து குறைவு. கொஞ்சம் கொழுந்துக்காக அடுப்பு மூட்டி, மெஷினைச் சூடேற்றவே விறகு கரையும். ஒரு கிலோ தூளுக்கான விறகுக் கணக்கு எகிறி நிற்கும். ஏப்ரல், மே மாதம் கொழுந்து குவிந்ததும் அந்தக் கணக்கு தானாகவே இறங்கும். யாரும் எதையும் செய்யாமல் இறங்கியதற்கும் பங்கு கேட்டு பில் வரும். எனவே அடிப்படைக் கணக்கு ஒரு முழு வருஷத்துக்கு இருக்க வேண்டும். ஒரு கிலோ தூளுக்கு என்று, தினசரி கொழுந்து வரத்தை மூன்று நான்கு படியாகப் பிரித்து எழுத வேண்டும். விறகை ஈரம் பார்த்து எடை போட வேண்டும். எஸ்கோ இதற்குச் சம்மதிக்காவிட்டால், இ.பி.சி.யே மேல்.

இடையில் மூன்றாவது வழியும் இருக்கிறது: கடனை நாம் வாங்குவது, மிச்சத்துக்கு கம்பெனி உத்தரவாதம் தருவது, குறைந்தால் வித்தியாசத்தை அவர்கள் கட்டுவது. கூட்டுறவுத் தேயிலை ஃபேக்டரிகளின் கூட்டமைப்பான இன்கோசர்வின் கீழுள்ள 16 ஃபேக்டரிகளுக்கு இதுவே பொருத்தம் என்பேன். அங்கே உறுப்பினர்கள் சிறு விவசாயிகள். மிச்சமாகும் ஒவ்வொரு ரூபாயும் அவர்கள் வீட்டுக்குப் போக வேண்டிய பணம்.

கூரை சோலாரைப் பொறுத்தவரை, குளிரில் பேனல் நன்றாகவே வேலை செய்யும், கெடுப்பது மேகம்தான். கூடலூர், பந்தலூர் பக்கம் தென்மேற்குப் பருவமழை வெளுத்து வாங்கும் இடம். அங்கே நீண்ட கால ஒப்பந்தம் போடுமுன் மழை மாத உற்பத்தியைத் தனியாக எழுதித் தரச் சொல்லுங்கள்.

எதில் கையெழுத்துப் போட்டாலும் இரண்டு ஷரத்துகளைத் தேடிப் படியுங்கள். மெஷின் நின்றால் எத்தனை மணி நேரத்துக்குள் ஆள் வருவார், மண் சரிந்து குன்னூர்–மேட்டுப்பாளையம் ரோடு அடைத்தால் கோத்தகிரி வழியாகவாவது வருவாரா என்பது முதலாவது. மற்றது குறைந்தபட்சக் கட்டணம். கொழுந்து வராமல் ஃபேக்டரி மூடிக் கிடக்கும் மாதத்துக்கும் அந்தத் தொகை உண்டு என்று எழுதியிருந்தால், அதை அடித்துத் திருத்தாமல் பேனாவை எடுக்காதீர்கள்.