‘சூபெத்தெ’யும் பாதி விலைச் சந்தாவும்

ஸ்பானியப் பாடச் செயலியின் ஆண்டுச் சந்தா பாதியாகிவிட்டதே, கட்டலாமா என்று கேட்கிறார்கள். அதன் அமைப்பு எல்லோருக்கும் தெரிந்ததுதான். நான் ஒரே ஒரு கட்டளையை எடுத்துக்கொள்கிறேன்: ‘சூபெத்தெ’. நெருங்கியவரிடம் ‘வண்டியில ஏறு’, ‘மரத்துல ஏறு’ என்று சொல்வதற்கான சொல்.

இதன் ஒலிப்பதிவு அருமை. அழுத்தம் முழுக்க ‘சூ’வில் விழுகிறது, அதற்காக அதை நெடிலாக இழுக்க வேண்டாம். ‘பெ’யில் உதடுகள் முழுதாக ஒட்டுவதில்லை. கடைசி எழுத்து ‘பத்து’வில் வரும் வல்லின ஒலி, ‘அது’வில் வருவது அல்ல. தமிழ் நாக்கு தடுமாறுவது இங்கேதான். மெதுவாக ஓட்டிக் கேட்கும் வசதி இதற்குப் பெரிதும் உதவுகிறது.

வேற்றுமையையும் நன்றாகப் பதிய வைக்கிறார்கள். ‘காரில் ஏறு’ என்று தமிழில் யோசித்தால், நம் ‘இல்’லுக்கு ஈடான ‘என்’னைப் போட்டு ‘என் எல் கோச்செ’ என்று வாய் போகும். வழக்கமானது ‘சூபெத்தெ அல் கோச்செ’; ‘அல்’ ஏறத்தாழ நம் ‘-க்கு’ மாதிரி. ‘மோந்தத்தெ’ என்ற மாற்றுச் சொல்லோடுதான் ‘என்’ இயல்பாக வரும்.

இனி எரிச்சலுக்கு வருகிறேன். ‘சூபெ அல் கோச்செ’ என்று எழுதினால் தவறு என்று சிவப்புக் கோடு போடுகிறது. அதுவும் சரியான ஸ்பானியம்தான்! ‘தெ’ சேர்வது ஏறத்தாழ நம் ‘ஏறிக்கோ’வில் வரும் ‘கொள்’ மாதிரி. பேச்சில் அதிகம், ஆனால் கட்டாயம் இல்லை. மாடிக்கு வா என்று கூப்பிடப் பெரும்பாலும் வெறும் ‘சூபெ’தான். இந்தக் குறையைப் பல முறை எழுதித் தெரிவித்தும் பதிப்புக்குப் பதிப்பு அப்படியே இருக்கிறது. சரியாக எழுதியவரைத் தவறென்று சொல்லும் பாடம் தன்னம்பிக்கையையே உடைக்கிறது.

மறுப்பு வடிவம் அதே பாடத்தில் இல்லை. குழந்தை மேசைமேல் ஏறும்போது தேவைப்படுவது ‘நோ தெ சூபாஸ்’. ‘தெ’ முன்னால் போய்விடுகிறது, வினையின் உயிரும் மாறுகிறது. இதைத் தனியே, பல நிலைகள் தள்ளி வைத்திருக்கிறார்கள். ‘நோ சூபெத்தெ’ என்ற பிழை வாயில் ஊறுவதற்கு அந்த இடைவெளி போதும். மரியாதைக்குரிய ‘சூபாசே’ மட்டும் பக்கத்திலேயே கிடைக்கிறது, நல்லது.

அர்ஜென்டினாவுக்குப் போகிறவர்களுக்கு இந்தப் பாடம் அரைகுறை. அங்கே நண்பரிடம் ‘சுபீத்தெ’ என்பார்கள், அழுத்தம் ‘பீ’யில். ‘சூபெத்தெ’வுக்கு எழுத்தில் அழுத்தக்குறி (ú) கட்டாயம், ‘சுபீத்தெ’வுக்குக் கிடையாது. புவெனோஸ் ஐரெஸ் பேருந்துக் கட்டண அட்டையின் பெயர் ‘சூபெ’. அது கட்டளை அல்ல, ‘ஒருங்கிணைந்த மின்னணுப் பயணச்சீட்டு முறை’ என்பதன் ஸ்பானிய முதலெழுத்துகள். அங்கத்திய கட்டளையாக இருந்தால் ‘சுபீ’ என்றிருக்கும். செயலியின் குரல் சோதனையோ ‘சூ’வில் அழுத்தினாலும் ‘பீ’யில் அழுத்தினாலும் பச்சை காட்டிவிடுகிறது.

இவ்வளவு நல்ல ஒலிப்பதிவை வேறு எங்கும் கேட்கவில்லை. ஆனாலும் பாதி விலைக்கும் கட்டாதீர்கள் என்றுதான் சொல்வேன். ஏறும் பாடம் இலவசப் பகுதியிலேயே இருக்கிறது. ஒலியை அங்கே கேட்டுவிட்டு, ‘சூபெத்தெ – நோ தெ சூபாஸ்’, ‘பாஹத்தெ – நோ தெ பாஹெஸ்’ என்று ஏறுவதையும் இறங்குவதையும் இணையிணையாக நோட்டில் எழுதிப் பழகுங்கள்.