ஏழு கிலோவுக்குள் விமானப் பயணம்: சில ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பிறகு

விமானத்தில் செக்-இன் சாமான் எதுவும் போடாமல், இருக்கைக்கு மேலே வைக்கும் ஒரே பையோடு பயணம் செய்யத் தொடங்கிச் சில ஆண்டுகள் ஆகின்றன. வேலை நிமித்தமாக இரண்டு மூன்று நாள் போய்வருவதும் உண்டு, விடுமுறைக்கு இரண்டு வாரம் தங்குவதும் உண்டு. இதற்கென்று வாங்கியவற்றில் எவை நிலைத்தன, எவை அலமாரிக்குப் போய்ச் சேர்ந்தன என்று எழுதுகிறேன்.

முதலில் பை. கைச்சாமானுக்குப் பல நிறுவனங்களின் வரம்பு 7 கிலோ. சிலவற்றில் 8, சிலவற்றில் 10. அளவு பெரும்பாலும் 55 × 40 × 20 சென்டிமீட்டரை ஒட்டி இருக்கும். சக்கரமும் இழுப்புக் கைப்பிடியும் கொண்ட கெட்டிப் பெட்டி, இந்தச் சிறிய அளவிலேயே இரண்டரை முதல் மூன்று கிலோ வரை இருக்கிறது. ஒரு சட்டைகூட வைக்கும் முன்பே அனுமதித்த எடையில் பாதிக்குச் சற்றுக் குறைவாகப் பெட்டியே எடுத்துக்கொள்கிறது. அமெரிக்கப் பெட்டி நிறுவன அதிகாரியான பெர்னார்ட் சாடோ பெட்டிக்குச் சக்கரம் பொருத்திக் காப்புரிமை பெற்றது 1972இல். விமானியான ராபர்ட் பிளாத் நிமிர்த்தி இழுக்கும் பெட்டியைக் கொண்டுவந்தது 1987இல். அவர்கள் புண்ணியத்தில் சுமை உடம்புக்குத் தெரியாமல் போனது. தெரியாததால்தான் நாம் கண்டதையும் அள்ளிப் போடுகிறோம் என்பது என் கட்சி.

நான் வைத்திருப்பது சுமார் 1.1 கிலோ எடையுள்ள நைலான் முதுகுப்பை. பெட்டியைப் போல முழுதாக விரித்துத் திறக்கலாம். மேலே மட்டும் திறக்கும் பைகளில் அடியில் கிடக்கும் காலுறைக்காக எல்லாவற்றையும் வெளியே கொட்ட வேண்டியிருக்கும். ஜிப்கள் இன்றும் நன்றாக ஓடுகின்றன. உட்புற நீர்காப்புப் பூச்சு செதில் செதிலாக உரிகிறது, தோள்பட்டைப் பஞ்சும் அமுங்கிவிட்டது. இடுப்புப் பட்டை இல்லாததால் அரை மணி நேரம் நடந்தால் தோள் கடுக்கிறது. முதுகுவலி உள்ளவர்கள் இந்த வழிக்கு வர வேண்டாம். சக்கரப் பெட்டியையே வைத்துக்கொண்டு உள்ளே போவதைக் குறைத்துக்கொள்ளலாம்.

வாங்கியதிலேயே மிகவும் உருப்படியானது, கொக்கியில் பையை மாட்டித் தூக்கிப் பார்க்கும் சிறிய டிஜிட்டல் தராசு. பையை மட்டும் அல்லாமல் ஒவ்வொரு பொருளையும் தனித்தனியாக நிறுத்துப் பார்த்தபோதுதான் எடை எங்கே ஒளிந்திருக்கிறது என்று தெரிந்தது. ஜீன்ஸ் ஏறக்குறைய 700 கிராம், மெல்லிய துணிக் காற்சட்டை அதில் பாதிகூட இல்லை. இரண்டாவது ஜோடிக் காலணி ஒரு கிலோவைத் தொட்டது. குளியல் சாமான் பை அதையும் தாண்டியது. டி-சட்டைகளைக் குறைக்கலாமா என்று மனத்துக்குள் வழக்காடிக்கொண்டிருந்த எனக்கு, அவை குற்றவாளிகளே அல்ல என்று தராசு சொல்லிவிட்டது.

துணிகளை அழுத்திச் சுருக்கும் ஜிப் உறைகளை எல்லோரும் புகழ்கிறார்கள். எனக்கு ஒத்துவரவில்லை. அவை இடத்தைத்தான் குறைக்கின்றன, எடையில் ஒரு கிராமும் குறைவதில்லை. மிச்சமான இடத்தைப் பார்த்ததும் கை சும்மா இருக்காது, இன்னொரு ஸ்வெட்டர் உள்ளே போய்விடும். சட்டைகளும் கசங்கி, கட்டிய சுருக்குப் பையிலிருந்து எடுத்ததுபோல் வெளிவரும். இப்போது சாதாரண வலைப்பைகள்தான்.

ஐந்து நாளுக்கும் இரண்டு வாரத்துக்கும் ஒரே அளவு துணியைத்தான் எடுத்துப்போகிறேன், நடுவில் துவைத்துக்கொள்வேன். மெரினோ என்ற செம்மறியாட்டு வகையின் மெல்லிய கம்பளி டி-சட்டை இரண்டு மூன்று நாள் உடுத்தினாலும் நாறுவதில்லை என்பது உண்மை. ஆனால் தோள்பட்டை உராயும் இடத்தில் சீக்கிரம் நைந்து ஓட்டை விழுகிறது. பாலியஸ்டர் உழைக்கிறது, விரைவில் உலர்கிறது, வாடையை மட்டும் விடமாட்டேன் என்கிறது. பருத்தி, ஈரப்பதம் மிகுந்த ஊரில் ஓர் இரவில் உலராது. துவைத்த துணியை உலர்ந்த துண்டில் சுருட்டி முறுக்கிப் பிழிந்தால் பாதி வேலை முடிந்துவிடும். மைக்ரோஃபைபர் துண்டு எடை குறைவுதான், ஆனால் உடம்போடு ஒட்டி இழுக்கும் அந்த உணர்வை என்னால் பழகிக்கொள்ளவே முடியவில்லை.

திரவங்களுக்கான 100 மி.லி. கட்டுப்பாடு, 2006 ஆகஸ்டில் பிரிட்டனில் பிடிபட்ட விமானக் குண்டுச் சதிக்குப் பின் வந்தது. புதிய ஸ்கேனர் பொருத்திய சில விமான நிலையங்களில் தளர்த்தியிருக்கிறார்கள். திரும்பி வரும் நிலையத்தில் பழைய விதியே இருக்கலாம் என்பதால் நான் பழையபடியே கட்டுகிறேன். பாதுகாப்புச் சோதனையில் பார்ப்பது குப்பியின் கொள்ளளவை. 150 மி.லி. குப்பியில் கால்வாசிதான் இருக்கிறது என்று வாதாடிப் பயனில்லை. மேலே போகப் போகக் குப்பிக்குள் அடைபட்ட காற்று விரிந்து திரவத்தை வெளியே தள்ளும். மூடும் முன் குப்பியை லேசாக அழுத்திக் காற்றை வெளியேற்றிவிட்டால் கசிவது குறையும். ஷாம்பு கட்டி நல்ல மாற்று, ஈரத்தோடு டப்பாவில் அடைத்தால் மட்டும் கூழாகிவிடும்.

மின்சாதனங்களில் என் சுமையைக் குறைத்தது, சிறிய உருவிலேயே அதிக மின்திறன் தரும் காலியம் நைட்ரைடு வகை 65 வாட் சார்ஜர். மடிக்கணினிக்கும் கைபேசிக்கும் அது ஒன்றே போதும். பவர் பேங்க் செக்-இன் சாமானில் போகக் கூடாது. கைச்சாமானில் 100 வாட்-மணி (பேட்டரி சேமிக்கும் ஆற்றலின் அளவு) வரை பொதுவாகத் தனி அனுமதி வேண்டாம். 20,000 எம்ஏஎச் என்றால் 3.7 வோல்ட்டால் பெருக்கி ஆயிரத்தால் வகுக்க, 74 வாட்-மணி வரும். இடமில்லை என்று விமானத்தின் வாசலில் கைச்சாமானை வாங்கி அடியில் ஏற்றுவதும் நடக்கும். அந்தச் சமயத்தில் பவர் பேங்கை வெளியே எடுத்துவிட வேண்டும். அதனால் பவர் பேங்க், மருந்து, பாஸ்போர்ட், மூக்குக்கண்ணாடி நான்கும் பையின் மேற்பகுதியில் ஒரே சிறு உறையில் இருக்கும்.

மற்றதெல்லாம் ‘எதற்கும் இருக்கட்டும்’ வகையறா. போன இடத்தில் எளிதாக வாங்கக் கூடியதைத் தயங்காமல் கழித்துவிடுகிறேன். மருந்தில் மட்டும் இந்தச் சிக்கனம் கூடாது, இரண்டு நாளுக்குக் கூடுதலாகவே வைத்துக்கொள்கிறேன்.

கைக்குழந்தையோடு போகிறவர்களுக்கும், நீண்ட நாள் கடுங்குளிரில் தங்குபவர்களுக்கும் இந்த முறையைப் பரிந்துரைக்க மாட்டேன். குளிர் ஊருக்குச் சில நாள் மட்டும் என்றால் கனமான மேலங்கியையும் காலணியையும் உடுத்திக்கொண்டே ஏறிவிடலாம். எடைச் சோதனைக்குப் பயந்து மேலங்கிப் பைகளில் சார்ஜரையும் புத்தகத்தையும் திணித்துக்கொண்டு நிற்பதெல்லாம் எனக்குப் பிடிக்காது.

போகும்போது பையை ஆறு கிலோவிலேயே நிறுத்திக்கொள்கிறேன், வரும்போது ஏதாவது சேராமல் இருப்பதில்லை. இந்தப் பை கிழிந்தால் இதே வகையைத்தான் மீண்டும் வாங்குவேன். இடுப்புப் பட்டைக்காக 200 கிராம் கூடினாலும் பரவாயில்லை.