மலையில் கரண்டும் ரோடும் போனால் எந்த அடுப்பு? வாங்கி எரித்துப் பார்த்தவள் சொல்கிறேன்

கொடைக்கானலை அடுத்த வில்பட்டிப் பக்கம் எங்கள் வீடு. சத்துணவுக் கூடத்தில் 24 வருஷம் சமையலராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். ஈர விறகோடு மல்லுக்கட்டி நூறு பிள்ளைகளுக்குச் சோறு வடித்த கை இது. அதனால் அடுப்பைப் பற்றிப் பேசினால் கொஞ்சம் நீளமாகத்தான் பேசுவேன்.

2018 நவம்பர் 16, கஜா புயல் நாள். வேதாரண்யம் பக்கம் கரையேறின புயல் இந்த மலையில் வந்து என்ன செய்யப் போகிறது என்று டீ குடித்துக்கொண்டே பேசினோம். அன்றைக்கே மரங்கள் சாய்ந்தன. வத்தலகுண்டு ரோட்டில் மரமும் மண்ணும். எங்கள் தெருவுக்குக் கரண்ட் வர 9 நாள் ஆனது. மூன்றாம் நாள் சிலிண்டர் தீர்ந்தது. லாரி மேலே ஏறினால்தானே அடுத்தது வரும்? வெந்நீர் அடுப்புக்கு அடுக்கியிருந்த விறகெல்லாம் நனைந்து ஊறிப்போயிருந்தது. பரணில் கிடந்த திரி ஸ்டவ்வும் பாட்டிலில் மிச்சமிருந்த அரை லிட்டர் சீமெண்ணெயும்தான் கஞ்சி ஊற்றின. அதற்கப்புறம் எந்த அடுப்பைப் பார்த்தாலும் எனக்கு ஒரே கேள்விதான்: ரோடு அடைத்த நாளில் இதற்குத் தீனி எங்கிருந்து வரும்?

கோயம்புத்தூரிலிருந்து மகன் ஆசையாக அனுப்பினது கேசட் அடுப்பு. பெட்டி மாதிரி இருக்கும், பக்கவாட்டில் 220 கிராம் பியூட்டேன் டின்னைப் படுக்கவைத்து நெம்புகோலை அழுத்தினால் பூட்டிக்கொள்ளும். தீப்பெட்டி வேண்டாம், திருகினால் பற்றும். பார்க்க அழகு. ஜனவரி காலை ஆறு மணிக்கு ஒரு லிட்டர் தண்ணீர் வைத்துப் பார்த்தேன். புது டின்னில் 8 நிமிஷம். பாதி தீர்ந்த டின்னில் 15 நிமிஷம் ஆகியும் சத்தம் மட்டும்தான் வந்தது. பியூட்டேன் 0 டிகிரிக்குச் சற்றுக் கீழே போனாலே ஆவியாகாமல் படுத்துவிடும். நம் சமையலறை அவ்வளவு குளிராதுதான். ஆனால் வாயு வெளியேற வெளியேற டின் தானாகவே குளிர்ந்துகொண்டு போகிறது, தொட்டால் ஐஸ் மாதிரி. டின்னை முன்கூட்டியே கம்பளிக்குள் சுற்றி வைத்திருந்தால் கொஞ்சம் தேவலை. அதற்காக அடுப்புப் பக்கத்தில் வைத்துச் சூடேற்றிவிடாதீர்கள்.

எங்க வீட்டுக்காரர் அதில் பெரிய தோசைக்கல்லைத் தூக்கி வைத்தார். "ஏங்க, எடுங்க அதை" என்று கத்தினேன். "ஏன் புள்ள, அடுப்புன்னா கல்லு வைக்கக் கூடாதா?" என்கிறார். வைக்கக் கூடாது. கல் டின் இருக்கும் பக்கம் வரை நீண்டால் அந்தச் சூடு கீழே டின்னைத்தான் வேகவைக்கும். டின் வெடிப்பது பல நேரம் இப்படித்தான். டின்னின் விளிம்பில் ஒரு வெட்டு இருக்கும், அது மேல் பார்த்து உட்கார வேண்டும். மாற்றிப் போட்டால் வாயுவுக்குப் பதில் திரவம் வரும், தீ சீறும். முழுத் தீயில் ஒரு டின் ஒன்றரை மணி நேரம் தாண்டாது. ஒரு வாரத்துக்கு எத்தனை டின் என்று கணக்குப் போட்டதும் எனக்கு அலுத்துவிட்டது. இந்த டின் எங்கள் ஊர்க் கடையில் கிடையாது. ஆன்லைனில் போட்டாலும் மலை பின்கோடுக்குச் சில சமயம் வராது. டீக்கும் குழந்தைப் பாலுக்கும் சரி, சோற்றுக்கு இல்லை.

அடுத்தது நான் ஏமாந்த கதை. கீழே ஒரு ஊரில், கடை பேர் வேண்டாம், கைக்கு அடக்கமான குட்டி சிலிண்டர், தலையிலேயே பர்னர், மலிவு. பெரிய சிலிண்டரிலிருந்து அங்கேயே பின்கட்டில் மாற்றி ரொப்பிக் கொடுத்தார்கள். அப்போதே எனக்குச் சுருக்கென்றிருக்க வேண்டும். வீட்டுக்கு வந்து சோப்பு நுரை தடவினால் கழுத்தில் கொப்புளம் கொப்புளமாக வருகிறது. முற்றத்தில் கொண்டுபோய் வைத்து, இரண்டு நாள் பக்கத்தில் யாரையும் விடவில்லை. திருப்பிக் கொண்டுபோனதற்கு "வாஷர் மாத்திக்கங்கம்மா" என்றார் கடைக்காரர். முத்திரையில்லாத சிலிண்டரும், திருட்டுத்தனமாக நிரப்புவதும் சட்டப்படியும் குற்றம், உயிருக்கும் ஆபத்து. காசு போனது போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

இப்போது என் சமையலறையில் இருப்பது எண்ணெய்க் கம்பெனிகளே விற்கும் 5 கிலோ சிலிண்டர். இந்தியன் ஆயில் இதற்குச் ‘சோட்டு’ என்று பேர் வைத்திருக்கிறது. பெரிய கனெக்‌ஷன் மாதிரி முகவரிச் சான்று கேட்டு அலைக்கழிப்பதில்லை, அடையாள அட்டை போதும். பெட்ரோல் பங்குகளிலும் கிடைக்கிறது. இதற்கு ரெகுலேட்டர், கம்பி வைத்த ரப்பர் குழாய், ஒற்றை பர்னர் அடுப்பு தனியாக வாங்கினேன். இதில் பியூட்டேனோடு புரொப்பேனும் கலந்திருப்பதால் குளிரில் கேசட் டின் மாதிரி மூச்சு வாங்குவதில்லை. சின்னத் தீயில் கணக்குப் பார்த்தால் 30 மணி நேரம் எரியும். இரண்டு பேருக்குச் சிக்கனமாகச் சமைத்தால் பதினைந்து நாள் தள்ளலாம். குறை என்னவென்றால் கிலோ கணக்கில் பெரிய சிலிண்டரைவிட விலை கூடுதல். வாங்கும்போது சீல் இருக்கிறதா, வாய்க்குள் ரப்பர் வளையம் இருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். வெட்கப்பட வேண்டாம், பின்னால் நிற்பவர் காத்திருப்பார்.

எரிபொருளை மிச்சம் பிடிக்க நான் செய்வது இது. எங்கள் உயரத்தில் தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். கொதிக்கிறதே என்று பார்த்துக்கொண்டிருந்தால் துவரம்பருப்பு கல்லாகவே கிடக்கும். குக்கர் இல்லாமல் பருப்பு என்ற பேச்சே கிடையாது. பருப்பை ராத்திரியே ஊறப்போட்டு, குக்கரில் இரண்டு விசில் வந்ததும் அடுப்பை அணைத்து, வெயிட்டைத் தொடாமல் பழைய கம்பளியில் சுற்றி மரப்பெட்டிக்குள் வைத்துவிடுவேன். முக்கால் மணி நேரம் கழித்துத் திறந்தால் மசிந்திருக்கும். இதைச் சொன்னால் மருமகள் சிரிக்கிறாள். சிரிக்கட்டும், சிலிண்டர் யாருடையது?

மரத்தூள் அடுப்பைப் பலர் மறந்துவிட்டார்கள். பழைய பெயின்ட் டின், அடிப்பக்கத்தில் ஒரு ஓட்டை. நடுவில் பாட்டிலை நிறுத்திச் சுற்றி மரத்தூளை இடித்து இடித்து நிரப்ப வேண்டும். பாட்டிலை மெல்லத் திருகி உருவினால் நடுவில் குழாய் மாதிரி வழி. அடி ஓட்டையில் சுள்ளி சொருகிப் பற்றவைத்தால் மூன்று மணி நேரம் கிளறாமல் எரியும். செலவு சாக்குக்கும் ஆட்டோவுக்கும்தான். இடிப்பது தளர்ந்திருந்தால் பாதியில் பொலபொலவென்று சரிந்து தீ அணைந்துவிடும். எனக்கும் இரண்டு தடவை சரிந்தது. தூள் காய்ந்திருக்க வேண்டும், ஐப்பசி மழையில் காயவைக்க முடியாது. சித்திரையிலேயே சாக்கில் கட்டிப் பரணேற்றிவிடுங்கள். புகை உண்டு, திண்ணையில்தான் வைக்க வேண்டும்.

கரி அடுப்பையும் அப்படியே. குளிருக்கு இதமாக இருக்கிறது என்று மூடின அறைக்குள் கரியைக் கொண்டுபோகாதீர்கள். கரி எரியும்போது கிளம்பும் கார்பன் மோனாக்சைடு விஷவாயுவுக்கு வாசனை கிடையாது, தூங்கினவர் எழுந்திருக்க மாட்டார். சீசனுக்கு வந்து ரூமுக்குள் கறி சுடுகிறவர்களுக்கு இதை யாராவது உரக்கச் சொன்னால் தேவலை.

கல்யாணப் பந்தியில் பாத்திரத்தடியில் வைப்பார்களே, அந்த ஜெல் டப்பா? அரை மணி நேரத்தில் தண்ணீர் வெதுவெதுப்பானது. அவ்வளவுதான்.

பம்ப் ஸ்டவ்வை நான் சேர்க்கவில்லை. ‘ஸ்டவ் வெடித்து இளம்பெண் பலி’ என்று அந்தக் காலத்துப் பேப்பரில் வாரத்துக்கு ஒன்று வரும். அதில் எத்தனை பேரை நிஜமாகவே ஸ்டவ் கொன்றது என்று எங்கள் வயசுப் பெண்களுக்குத் தெரியும். அந்த உஸ்ஸ் சத்தம் கேட்டாலே எனக்குப் பிடிக்காது.

திரி ஸ்டவ் வேறு. பத்துத் திரியையும் ஒரே மட்டத்தில் கத்தரித்துவிட்டால் நீலமாக எரியும், குளிரெல்லாம் அதற்கு ஒரு பொருட்டே இல்லை. ஒரு லிட்டரில் ஆறு மணி நேரம். ஆனால் எங்கள் அட்டைக்கு ரேஷனில் சீமெண்ணெய் நின்றுபோய் வருஷங்கள் ஆகின்றன. வெளியில் வாங்கினால் விலை கட்டாது. எதிர்வீட்டு அக்கா விலைக்குக் கேட்டுப் பார்த்தாள். துடைத்து, புதுத் திரி போட்டு, மறுபடி பரணிலேயே வைத்துவிட்டேன்.