டாப் ரோப் பழக ராமநகரமா, பாதாமியா?

டாப் ரோப் என்றால் பாறை உச்சியில் மாட்டி இறக்கிய கயிற்றின் பாதுகாப்பில் ஏறுவது. அதைக் கர்நாடகத்தில் இந்த இரண்டு ஊர்களில் எங்கே பழகலாம்? முதன்முதலாகப் பாறை ஏறப் போகிறவர்கள் என்னிடம் கேட்பது இதைத்தான். ராமநகரத்தில் 4 குளிர்காலம் ஏறியிருக்கிறேன், பாதாமியில் 2 தடவை. தயங்காமல் ராமநகரம் என்பேன்.

நானும் 14 வயது மகளும் ஓசூரிலிருந்து விடியற்காலை நாலரைக்குக் கிளம்புவோம். வழியில் பிடதியில் தட்டு இட்லி. ஏழு மணிக்குப் பாறையடியில் இருப்போம். பெங்களூரிலிருந்து ஏறக்குறைய 50 கிலோமீட்டர்தான். வெயில் உறைப்பதற்குள் ஏறிவிட வேண்டும். கருங்கல் சூடேறினால் உள்ளங்கை வியர்க்கும், ஷூ வழுக்கும்.

அங்கே நாங்கள் ஏறும் சரிவுப் பாறைகளில் பிடித்துக்கொள்ள ஏதும் இருக்காது. கை துழாவித் துழாவி ஓய்ந்துபோகும். வேறு வழியில்லாமல் காலை நம்ப ஆரம்பிப்போம். குதிகாலைத் தாழ்த்தி, முன்பாதத்தை அழுத்தி, இடுப்பைப் பாறையிலிருந்து சற்றுத் தள்ளி நின்றால் ரப்பர் கவ்விக்கொள்ளும். பயந்து பாறையோடு ஒட்டிப் படுத்தால் பாதத்தின் மேல் எடை சரியாக இறங்காது, சறுக்கிவிடும். இதை நான் வாயால் எத்தனையோ முறை சொல்லியும் மகளுக்குப் புரியவில்லை. மூன்றாவது ஞாயிறு, பாதி உயரத்தில், கையை எடுத்துவிட்டுக் காலை மட்டும் நம்பி நின்று என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்த முகத்துக்காகவே இந்தப் பாறைகளுக்கு நன்றி சொல்வேன்.

இன்னொரு வசதி, பல பாறைகளின் உச்சிக்குப் பின்பக்கமாகச் சுற்றி நடந்தே போய்விடலாம். மேலே ஆங்கர் (கயிற்றைத் தாங்கும் பிடிமானம்) கட்டிக் கயிற்றை இறக்கினால் வேலை முடிந்தது. பாதாமியில் பெரும்பாலும் யாராவது லீட் ஏறி, அதாவது கயிற்றைக் கீழிருந்தே வழியில் மாட்டிக்கொண்டு முதல் ஆளாக ஏறித்தான், மேலே கயிறு மாட்டுவார்கள். அதற்குத் தேர்ந்த ஆள் உடன் வேண்டும்.

பாதாமி அழகில் குறைந்ததில்லை. சிவந்த மணற்கல், அடுக்கடுக்கான விளிம்புகள், கை நிறையப் பிடி. ஆனால் சுவர் செங்குத்து. புதிதாக வருகிறவர் கையாலேயே இழுத்து ஏறிக் காலை மறந்துவிடுவார். மழை பெய்தால் மணற்கல் ஈரத்தை உறிஞ்சி வலுவிழக்கும், பிடிகள் உடையும். நன்றாகக் காயும்வரை தொடக் கூடாது. கால் பழகிய பிறகு போங்கள். குடைவரைகளையும் பார்த்து, சோள ரொட்டியும் எண்ணெய்க் கத்தரிக்காயும் சாப்பிட்டு வரலாம். குரங்குகளிடமிருந்து பையைக் காப்பாற்றிக்கொள்ளுங்கள்.

ராமநகரத்திலும் எல்லா இடத்திலும் ஏற முடியாது. அங்குள்ள ராமதேவர பெட்டா என்ற குன்று பாறு கழுகுகளின் சரணாலயம். அவை கூடு கட்டும் பாறையை அவற்றுக்கே விட்டுவிட வேண்டும். மற்ற பாறைகளில் மலைத்தேன் அடை தொங்குகிறதா என்று அண்ணாந்து பார்க்காமல் கயிற்றைப் பிரிக்காதீர்கள். அடை இருந்தால் சத்தமில்லாமல் வேறு பாறைக்குப் போய்விடுங்கள்.

யாரோடு போகிறீர்கள் என்பது எங்கே போகிறீர்கள் என்பதைவிட முக்கியம். ஒருமுறை எங்களை அழைத்துப்போன குழு, துருவேறிய ஒரே ஒரு போல்ட்டில் மொத்தக் கயிற்றையும் மாட்டியது. கட்டிய பணம் போனாலும் பரவாயில்லை என்று மகளைக் கூட்டிக்கொண்டு இறங்கிவிட்டேன். ஒன்றையொன்று சாராத இரண்டு ஆங்கர், வாய் எதிரெதிராக வைத்துப் பூட்டிய இரண்டு கேரபினர் (கயிற்றை மாட்டும் உலோகக் கொக்கி), பாறை விளிம்பில் கயிறு உராயாமல் தடுக்க ஒரு விரிப்பு: இவற்றைக் காட்டச் சொல்லுங்கள். காட்டச் சொன்னால் கோபப்படுகிறவரிடம் கயிற்றைக் கட்டிக்கொள்ளாதீர்கள். 60 மீட்டர் கயிறு போய்த் திரும்ப வேண்டும் என்பதால் 30 மீட்டருக்கு மேற்பட்ட பாறைக்கு எட்டாது. கீழ் நுனியில் முடிச்சு இருக்கிறதா என்றும் பாருங்கள்.

நவம்பர் முதல் பிப்ரவரிவரை நல்ல காலம். ஆளுக்கு 3 லிட்டர் தண்ணீர் வேண்டும்.

இந்தக் குளிர்காலத்தில் மகள் பிலே பிடிக்க, அதாவது நான் விழாமல் கீழே நின்று கயிற்றைக் கட்டுப்படுத்த, நான் ஏறுகிறேன். என்னைவிட 18 கிலோ குறைவு என்பதால், நான் தொங்கினால் அவள் மேலே இழுபடாமல் இருக்க, அவளைப் பின்னாலுள்ள ஒரு பாறையோடு கட்டிவிடுவோம். கயிற்றில் நான் போட்ட எட்டு வடிவ முடிச்சை விரலால் தடவிப் பார்த்து, "ஏறும்மா" என்று அவள் சொன்ன பிறகுதான் பாறையில் கால் வைக்கிறேன்.