எடைமேடைக் கணினிக்கு எந்த இயக்கச் சூழல்? எர்லாங், கோ, ஜாவா: ஓர் ஒப்பீட்டு அலசல்

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் பால்மரம் நின்ற நிலங்களில் பெரும்பகுதியில் இன்று செம்பனை நிற்கிறது. வெட்டிய பழக்குலை காத்திருக்கக் காத்திருக்க அதன் எண்ணெயில் அமிலம் ஏறும் என்பதால், தோட்டத்து லாரிகள் வாசலில் வரிசை பிடித்து நிற்பதை எந்த ஆலையும் விரும்புவதில்லை. அந்த வாசலில் இருக்கும் எடைமேடைக் கணினிக்கு நிரல் எழுதுவது என் வேலை. பாரத்தோடு வரும் லாரியை ஒரு முறையும், பழத்தைக் கொட்டிவிட்டு வெறுமையாகத் திரும்பும்போது மறுமுறையும் நிறுத்து, இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைச் சீட்டில் அச்சிட்டுக் கொடுக்க வேண்டும். சொல்வதற்கு எளிதுதான். ஆனால் அதே நேரத்தில் எடை காட்டும் பெட்டி நொடிக்குப் பல முறை எண்களை அனுப்பிக்கொண்டிருக்கும். கேமரா வண்டி எண்ணைப் படமெடுக்கும். தரம் பார்ப்பவர் காய்க்குலை எத்தனை, அழுகல் எத்தனை என்று கைப்பேசியில் பதிவார். இணையம் வந்தும் போயும் கொண்டிருக்க, தோட்டத்துக் கிராணியின் (எழுத்தரின்) கணக்குக்கும் விவரம் போய்ச் சேர வேண்டும். இவ்வளவும் 1 ஜிபி நினைவகம் கொண்ட, உள்ளங்கையளவுப் பலகைக் கணினி ஒன்றில் நடக்கின்றன.

பழைய நிரலை அடியோடு மாற்றி எழுத வேண்டி வந்தபோது, ஈப்போவில் ஜாவா எழுதும் நண்பர் ஒருவரும் நானும் பல ஞாயிற்றுக்கிழமைகளைத் தேநீர்க் கடையில் இந்த வாதத்திலேயே கழித்தோம். பொதுவாக இத்தகைய வாதங்களில், நினைவகத்தை யார் ஒதுக்கி யார் துடைப்பது என்பது ஒரு கேள்வியாகவும், பல வேலைகளை ஒரே நேரத்தில் எப்படி ஓட்டுவது என்பது வேறொரு கேள்வியாகவும் பிரித்துப் பேசப்படும். என்னைக் கேட்டால் இரண்டும் ஒரே கேள்விதான். ஒரு தரவு யாருடையது என்பதை ஓர் இயக்கச் சூழல் (ஒரு மொழியின் நிரலை ஓட்டும் அடித்தள மென்பொருள்) எப்படித் தீர்மானிக்கிறதோ, அதைப் பொறுத்தே அதில் பத்து வேலைகள் ஒன்றையொன்று இடிக்காமல் ஓட முடியுமா என்பதும் தீர்மானமாகிறது.

இதற்குப் பழைய நிரல் எழுதப்பட்டிருந்த பைத்தான் மொழியே நல்ல சான்று. பைத்தானில் ஒவ்வொரு பொருளும் (நினைவகத்தில் உள்ள தரவுத் துண்டும்), தன்னை எத்தனை பேர் சுட்டுகிறார்கள் என்ற எண்ணிக்கையைத் தன்னிடமே வைத்திருக்கும். எண்ணிக்கை பூச்சியமானால் அந்த இடம் உடனே விடுவிக்கப்படும். ஜார்ஜ் காலின்ஸ் 1960இல் முன்வைத்த முறை இது. இரண்டு இழைகள் (ஒரே நிரலுக்குள் ஒருசேர ஓடும் வேலைப் பாதைகள்) ஒரே நொடியில் அந்த எண்ணிக்கையைத் தொட்டால் கணக்குப் பிசகிவிடும். ஆகவே ஒரு நேரத்தில் ஓர் இழை மட்டுமே பைத்தான் நிரலை ஓட்டலாம் என்று மொத்த இயக்கச் சூழலுக்கும் ஒரே பூட்டைப் போட்டார்கள். நினைவகத்துக்காக எடுத்த முடிவு, இழைகளின் கையைப் பல ஆண்டுகள் கட்டிப்போட்டது. அந்தப் பூட்டில்லாத வடிவம் 2024 அக்டோபரில் 3.13ஆம் பதிப்போடு சோதனை முயற்சியாக வந்து, அடுத்த ஆண்டு 3.14இல் முறையான ஆதரவைப் பெற்றது. அதற்காக அவர்கள் மாற்ற வேண்டியிருந்தது இழைகளை அல்ல, எண்ணிக்கையைத்தான். பொருளை உருவாக்கிய இழைக்கு மலிவான எண்ணிக்கை ஒன்று, மற்ற இழைகளுக்குப் பாதுகாப்பான எண்ணிக்கை வேறொன்று என்று இரண்டாகப் பிரித்தார்கள். ஒற்றை இழையில் ஓடும் நிரல் இதனால் ஏறத்தாழ 5 முதல் 10 விழுக்காடு மெதுவாகிறது. எங்களுக்கு அந்த விழுக்காடு ஒரு பொருட்டல்ல. நாங்கள் நம்பியிருந்த சில நூலகங்கள் இன்னும் அந்த வடிவத்துக்குத் தயாராகவில்லை என்பதால்தான் பைத்தானை விட்டோம்.

அடுத்து கோ. இங்கு எல்லா வேலைகளுக்கும் ஒரே பொது ஹீப் (தரவு வைக்கும் நினைவகப் பரப்பு). கோருட்டீன் (கோவின் இலகுவான இழை) ஒவ்வொன்றும் 2 கிலோபைட் ஸ்டாக்கோடு (தன் செயலழைப்புகளுக்கான தற்காலிக இடத்தோடு) பிறந்து, தேவைக்கேற்ப வளர்கிறது. எனவே ஒரு லாரிக்கு ஒரு கோருட்டீன், அச்சுப்பொறிக்கு ஒன்று, கேமராவுக்கு ஒன்று என்று தாராளமாக எழுதலாம். 2015இல் வந்த 1.5ஆம் பதிப்பிலிருந்து குப்பைத் திரட்டி (இனிப் பயன்படாத நினைவகத்தைத் தேடி விடுவிக்கும் பகுதி) நிரல் ஓடும்போதே பக்கவாட்டில் வேலை செய்கிறது; 2017இன் 1.8இல், திரட்டிக்காக நிரல் நிற்கும் நிறுத்தங்கள் பெரும்பாலும் 100 மைக்ரோநொடிக்கும் கீழே இறங்கிவிட்டன. ஆனால் இது இலவசமாகக் கிடைப்பதல்ல. திரட்டல் நடக்கும் வேளையில் புதிதாக இடம் கேட்கும் கோருட்டீன், தான் கேட்கும் அளவுக்கு ஏற்பத் திரட்டிக்கு உதவியும் செய்துவிட்டுத்தான் போக வேண்டும். இயல்பான அமைப்பில், உயிரோடு இருக்கும் தரவைப் போல் ஏறக்குறைய இரு மடங்கு வரை ஹீப் வளர்ந்த பிறகே அடுத்த சுற்று நிறைவுறும். 1 ஜிபி கணினியில் இந்த இரு மடங்கு கவலை தரக்கூடியது. 2022இல் 1.19ஆம் பதிப்பு நினைவகத்துக்கு ஒரு மென்வரம்பு வைக்க வழி செய்தது. உயிருள்ள தரவே அந்த வரம்பை நெருங்கிவிட்டால் திரட்டி ஓயாமல் ஓடத் தொடங்கும்; செயலியின் பாதிக்கு மேல் அது தின்றுவிடாதபடி உள்ளேயே ஒரு கட்டுப்பாடு இருக்கிறது.

கோவில் நான் கட்டிய முதல் மாதிரி என்னைக் கவிழ்த்த இடம் இதுவல்ல. முதல் எடை போட்ட லாரி, இரண்டாம் எடைக்குத் திரும்பி வரும்வரை அதற்கான கோருட்டீன் ஒரு சேனலில் (கோருட்டீன்கள் தரவைக் கைமாற்றும் குழாயில்) காத்திருக்கும்படி எழுதியிருந்தேன். எல்லா லாரியும் திரும்பி வரும் என்று நினைத்தது என் தவறு. சில லாரிகள் பழம் நிராகரிக்கப்பட்டுப் பாரத்தோடு பின்வாசல் வழியே போய்விடும். சில உள்ளேயே பழுதாகிப் படுத்துவிடும். அவற்றுக்கான கோருட்டீன்கள் வராத எடைக்காகக் காத்துக்கொண்டே இருந்தன. காத்திருக்கும் கோருட்டீன் உயிரோடு இருப்பதாகவே திரட்டி கருதுவதால், அது பிடித்திருக்கும் வண்டிப் படம் முதற்கொண்டு எதையும் தொடுவதில்லை. சோதனைக்கு வைத்திருந்த கணினியின் நினைவகம் நாளுக்கு நாள் ஏறியதைப் பார்த்து, குப்பைத் திரட்டி இருக்கும் மொழியில் கசிவா என்று நண்பர் சிரித்தார். காத்திருப்புக்கு நேர வரம்பு வைத்ததும் சரியாகிவிட்டது. பிழை காத்திருப்பில் இருந்தது, தெரிந்ததோ நினைவகத்தில்.

கோவின் இன்னொரு குணத்தை மட்டும் என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. ஹீப் பொதுவானது என்பதால் விபத்தும் பொதுவானது. இரண்டு கோருட்டீன்கள் பூட்டில்லாமல் ஒரே மேப்பில் (பெயருக்கு மதிப்பு வைக்கும் அட்டவணையில்) எழுதுவதை இயக்கச் சூழல் கண்டுகொண்டால், மீட்க வழியே இல்லாமல் நிரல் முழுவதும் நின்றுவிடும். எங்கோ ஒரு கோருட்டீனில் எழும் பிழையை அங்கேயே யாரும் பிடிக்காவிட்டாலும் அதே கதிதான். இத்தகைய மோதல்களைக் கண்டுபிடிக்கும் கருவி 2013 முதலே கோவோடு வருகிறது, நல்ல கருவிதான். ஆனால் சோதனையின்போது உண்மையில் நடந்த மோதலைத்தான் அது காட்டும். நடக்கக்கூடியதை முன்கூட்டிச் சொல்லாது.

ஜாவாவின் பக்கம் நண்பர் எடுத்துவைத்த வாதங்கள் வலுவானவை. 2023 செப்டம்பரில் வந்த ஜாவா 21இல் மெய்நிகர் இழைகள் (இயங்குதளத்தின் உண்மையான இழைகள் மேல் ஜாவாவே ஓட்டும் இலகுவான இழைகள்) நிலைபெற்றன. அவற்றின் ஸ்டாக், இயங்குதளம் ஒதுக்கும் தனி இடத்தில் இல்லாமல், திரட்டி பார்த்துக்கொள்ளும் ஹீப்பிலேயே துண்டுகளாக வைக்கப்படுகிறது. இழையின் செலவு நினைவகத்தின் செலவாக மாறிவிட்டது. என் கருத்துக்கு இதைவிட நேரடியான சான்று வேண்டியதில்லை. அதே பதிப்பில் இசட்ஜிசி என்ற திரட்டி, இளம் பொருள்களையும் முதிர்ந்த பொருள்களையும் பிரித்துக் கையாளத் தொடங்கியது. பிறந்தவுடன் மடியும் பொருள்களே மிகுதி என்பதால், நாற்றங்காலை அடிக்கடி பார்த்துவிட்டுப் பெரிய மரங்களை எப்போதாவது சுற்றி வருவது போன்ற ஏற்பாடு இது. நிறுத்தம் ஒரு மில்லிநொடிக்குள் அடங்கிவிடும். கோவின் திரட்டியோ தலைமுறை பார்ப்பதில்லை, பொருளை இடம் மாற்றுவதும் இல்லை. மெய்நிகர் இழைகளில் தொடக்கத்தில் ஒரு தொல்லை இருந்தது உண்மை: சின்க்ரனைஸ்டு (ஒரு நேரத்தில் ஓர் இழை மட்டும் நுழையக்கூடிய) பகுதிக்குள் காத்திருக்கும் மெய்நிகர் இழை, தன்னைச் சுமக்கும் உண்மையான இழையையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். 2025 மார்ச்சில் ஜாவா 24 அதைப் பெரும்பாலும் தீர்த்துவிட்டது.

நண்பர் எழுதும் சம்பளக் கணக்கு நிரலுக்கு, பெரிய சர்வரில், இதற்கு நிகர் வேறில்லை என்று நானும் ஒப்புக்கொள்கிறேன். எங்கள் கணினியில்தான் உதைக்கிறது. நினைவகம் 2 ஜிபிக்கு அருகில்கூட இல்லாத கணினியை ஜாவா 21 சிறிய இயந்திரம் என்று முடிவுகட்டி, தானாகவே பழைய தொடர் திரட்டியைத் தேர்ந்துகொள்ளும். அது எல்லா வேலையையும் நிறுத்திவிட்டுத்தான் பெருக்கும். ஹீப்பின் உச்சவரம்பும் இயல்பாக மொத்த நினைவகத்தில் கால் பங்குதான். இவற்றைக் கையால் மாற்றலாம். ஆனால் இசட்ஜிசி தன் வேகத்தைக் காட்ட, மூச்சுவிடக் கொஞ்சம் உபரி இடம் வேண்டும். அந்த உபரிதான் எங்களிடம் இல்லை. இன்னொன்று, கணக்கில் மூழ்கிவிட்ட மெய்நிகர் இழையை ஜாவா இடையில் நிறுத்தி அடுத்ததற்கு வழிவிடச் சொல்வதில்லை. கோ 2020இன் 1.14 முதல் அப்படி நிறுத்துகிறது.

ரஸ்ட்டைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. ஒரு தரவுக்கு ஓர் உரிமையாளர்தான் என்பதை நிரல் தொகுக்கப்படும்போதே உறுதிசெய்து, அதே விதியால் தரவு மோதலையும் தடுத்துவிடும் மொழி அது. திரட்டி இல்லை, நிறுத்தமும் இல்லை. கொள்கையளவில் என் கட்சிக்காரர். ஆனால் எனக்குப் பிறகு இந்த நிரலைப் பார்த்துக்கொள்ளப்போகும் இரண்டு இளைஞர்களுக்கும் அதைப் பழகிக்கொள்ள அவகாசம் இல்லை.

கடைசியில் நான் தேர்ந்தது எர்லாங்கின் இயக்கச் சூழல். எழுதுவது அதன் மேல் ஓடும் எலிக்சர் மொழியில். எரிக்சன் நிறுவனத்தில் 1986 வாக்கில் தொலைபேசி இணைப்பகங்களுக்காகத் தொடங்கிய வேலை இது. இங்கு ஒவ்வொரு புராசஸுக்கும் (எர்லாங்கின் இலகுவான தனி வேலைக்கும்) தனி ஹீப், தனிக் குப்பைத் திரட்டல். லயத்தில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில்) அவரவர் வாசலை அவரவர் பெருக்கிக்கொள்வதைப் போல, ஒரு புராசஸ் தன் ஹீப்பைத் துடைக்கும்போது பக்கத்துப் புராசஸுக்கு அது தெரியவே தெரியாது. புதிதாகப் பிறக்கும் புராசஸ் 64 பிட் கணினியில் சுமார் இரண்டரை கிலோபைட் எடுத்துக்கொள்ளும். லாரி போனதும் அதன் புராசஸை முடித்துவிட்டால், திரட்டலே நடக்காமல் மொத்த ஹீப்பும் ஒரே வீச்சில் திரும்பிவிடும். சுமார் 4000 செயலழைப்புகளுக்கு ஒரு முறை ஒவ்வொரு புராசஸும் கட்டாயமாகச் செயலியிலிருந்து இறக்கிவிடப்படுவதால், எதுவும் கணினியைத் தனக்கென்று பிடித்துவைக்க முடியாது. பகிர்ந்த நினைவகம் இல்லை என்பதால் ஒன்று விழுந்தால் மற்றதன் தரவு கெடுவதில்லை. கேபிளை எலி கடிக்கும் இடத்தில், திரட்டியின் நிறுத்தம் மில்லிநொடியா மைக்ரோநொடியா என்ற வாதத்தைவிட இது எனக்குப் பெரிதாகப் பட்டது. லாரி மேடையில் ஏறி எடை அசையாமல் நிற்கவே பல நொடிகள் ஆகின்றன.

விலை இல்லாமல் இல்லை. ஒரு புராசஸிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் செய்தி முழுவதும் நகலெடுக்கப்படுகிறது. படம் போன்ற 64 பைட்டுக்கு மேற்பட்ட பைனரி (பைட் தொகுப்பு) முக்கிய விதிவிலக்கு. அது பொது இடத்தில் இருக்க, சுட்டும் எண்ணிக்கை மட்டும் மாறும். பைத்தானிடமிருந்து தப்பி ஓடி வந்தவனுக்கு இங்கே மறுபடியும் அதே எண்ணிக்கை! வண்டிப் படங்களை வாங்கிப் பொருத்தமான லாரிப் புராசஸுக்கு அனுப்பும் ஒரு புராசஸ் இருந்தது. அதன் சொந்த ஹீப் மிகச் சிறியது என்பதால் அது தன்னைத் துடைத்துக்கொள்ள அரிதாகவே முனைந்தது. துடைக்காதவரை, எப்போதோ அனுப்பி முடித்த படங்களையும் அது சுட்டிக்கொண்டே இருந்தது. படம் அனுப்பியதும் அதை உறக்கநிலைக்குப் போகச் சொன்னேன். உறங்கப் போகும் முன் புராசஸ் தன்னை முழுமையாகத் துடைத்துக்கொள்ளும் என்பதால் படங்கள் விடுபட்டன.

ஒரு புராசஸுக்கு வரும் செய்திகள் சேரும் பெட்டிக்கும் வரம்பில்லை. அச்சுப்பொறி தாமதித்தால் கோவின் அளவுள்ள சேனல் நிரம்பி, அனுப்புபவரை நிறுத்திவைக்கும். எர்லாங்கிலோ செய்திகள் குவிந்துகொண்டே போகும். இந்த ஒன்றில் கோதான் மேல். நாங்கள் ஒரு சீட்டு அச்சான பிறகே அடுத்ததைக் கேட்டு வாங்கும்படி திருப்பி எழுத வேண்டியிருந்தது.

எர்லாங்கின் பெரிய வரமான மேற்பார்வைப் புராசஸும் ஒரு நாள் எங்களை மாட்டிவிட்டது. விழுந்த புராசஸை அது மீண்டும் எழுப்பும். எலிக்சரில் இயல்பான வரம்பு 5 நொடிக்குள் 3 முறை. ஒரு மழை நாளில் அச்சுப்பொறியின் காகிதம் தீர்ந்தது. அச்சுப் புராசஸ் எழுந்தவுடன் விழுந்தது, மறுபடி எழுந்து மறுபடி விழுந்தது; நான்காவது முறை மேற்பார்வையாளரே தோல்வியை ஏற்று விழ, அதன் கீழ் இருந்த எடைப் புராசஸும் கூடவே போய்விட்டது. காகிதம் இல்லாததால் எடைமேடை நின்றது. சாலை வரை ஏழு லாரிகள். ஜாவாவாக இருந்தால் இது நடந்திருக்காது என்று நண்பர் அன்று மாலையே சொன்னார், அது சரியும்கூட. இப்போது அச்சுப்பொறிக்குத் தனி மேற்பார்வையாளர் இருக்கிறது. காகிதம் இல்லையென்றால் அச்சுப் புராசஸ் விழுவதில்லை, 10 நொடிக்கு ஒரு முறை கதவைத் தட்டிப் பார்க்கிறது, அதுவரை சீட்டு எண்ணைக் கிராணி கையால் எழுதிக் கொடுக்கிறார்.