கால் கிலோ கமராவும் வானத்தில் ஒரு புள்ளியும்

திருத்தக் கொடுத்த என் சின்னக் கமரா போன கிழமை கொழும்பிலிருந்து திரும்பி வந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து இரவு பஸ்ஸில் போய், 6 கிழமை அங்கே கிடந்து, இரவு பஸ்ஸிலேயே வந்து சேர்ந்தது. விடியக்காலை போய் எடுத்து வந்து, தேத்தண்ணி கூடக் குடிக்காமல் முற்றத்தில் நின்று வானத்தைப் பார்த்து, லென்ஸ் துளையை நன்றாகச் சுருக்கி எஃப்/16 இல் ஒரு படம் எடுத்தேன். மேல் இடது மூலை சுத்தமாக இருந்தது. இரண்டு வருடமாக அந்த மூலையில் குந்தியிருந்த தூசிப் புள்ளி போய்விட்டது. மனம் நிறைந்த மாதிரி இருந்தது. பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே வலது பக்கம் போனால், முன்பு ஒன்றுமே இல்லாத இடத்தில், மிளகளவில் மங்கலாக இன்னொரு புள்ளி.

அன்று இரவு பார்த்து கனடா ஸ்காபரோவிலிருந்து மச்சான் கோல் எடுத்தான். "நல்லூர்த் திருவிழாவுக்கு வாறன். சோனி ஏ7 மார்க் 4 வாங்கட்டோ, இல்லாட்டி உன்னட்ட இருக்கிற மாதிரிப் பொக்கற் கமரா ஒண்டு வாங்கட்டோ?" அந்த நேரம் பதில் சொல்லியிருந்தால் கோபம்தான் பேசியிருக்கும். எழுதி அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டேன். இதே கேள்வியை இங்கே இன்னும் இரண்டு மூன்று பேர் கேட்டிருப்பதால் எல்லோருக்குமாக எழுதுகிறேன்.

எனக்குச் சோறு போடுவது பெரிய கமரா. கலியாண வீடு, சாமத்திய வீடு, கோவில் திருவிழா என்று கூப்பிட்ட இடமெல்லாம் போகிறேன். 2019 இல் வாங்கிய சோனி ஏ7 மார்க் 3, அதில் 24-70 எஃப்/2.8 சூம் லென்ஸ். கமரா 650 கிராம், லென்ஸ் 886 கிராம். சேர்த்தால் ஒன்றரைக் கிலோவுக்குக் கொஞ்சம் மேலே. சின்னது ஏறக்குறையக் கால் கிலோ. சென்சர் (வெளிச்சத்தைப் படமாக்கும் தகடு) ஏபிஎஸ்-சி அளவு, பெரிய கமராவில் உள்ளதை விடச் சின்னது; 28 மிமீ அகலப் பார்வை, எஃப்/2.8, சூம் கிடையாது, கண் வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டரும் கிடையாது. அதன் பெயரை எழுதவில்லை. நான் சொல்லப்போகும் குறை, லென்ஸ் வெளியே நீண்டு உள்ளே சுருங்குகிற எந்தச் சின்னக் கமராவுக்கும் வரக்கூடியது. ஒன்றின் தலையில் மட்டும் கட்டிவிட எனக்கு விருப்பமில்லை.

சின்னதை வாங்கியது 2021 கடைசியில், லண்டனிலிருந்து வந்த ஒருவரிடம் சொல்லி. ஆசைக்குத்தான் வாங்கினேன், தேவை என்று ஒன்றும் இருக்கவில்லை. 2022 வந்து அதைத் தேவையாக்கியது. பெற்றோல் இல்லை, மோட்டார் சைக்கிள் விறாந்தையில் நின்றது, யாழ்ப்பாணமே திரும்பச் சைக்கிளில் ஏறியது. ஒன்றரைக் கிலோவைத் தோளில் மாட்டிக்கொண்டு எதிர்க் காற்றில் சைக்கிள் மிதித்துப் பாருங்கள். கமரா முன்னால் வந்து கைபிடியில் அடிக்கும், பின்னால் தள்ளினால் முதுகில் அடிக்கும். சின்னது சட்டைப் பொக்கற்றில் கிடந்தது. கரண்ட் மணிக்கணக்காக நின்ற நாட்களில் போனுக்கு வைத்திருந்த பவர் பாங்கிலேயே அதையும் சார்ஜ் போட்டேன். பெற்றோல் வரிசையில் கானைத் தலைமாட்டில் வைத்து நித்திரை கொண்டவர்கள், மண்ணெண்ணெய்க்குப் போத்தலோடு நின்றவர்கள் என்று அந்த வருடத்துப் படங்கள் எல்லாம் அதில் எடுத்தவைதான்.

அந்தப் படங்களை எப்படி எடுத்தேன் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், என் சந்தோசமும் எரிச்சலும் அந்த ஓர் இடத்தில்தான் முட்டிக்கொள்கின்றன. இந்தக் கமராவில் ஃபோகஸ் தூரத்தை முன்கூட்டியே பூட்டி வைக்கலாம். எஃப்/8, தூரம் 2 மீற்றர். சென்சர் சின்னது, 28 மிமீ பார்வைக்கு உள்ளே இருப்பது 18 மிமீ லென்ஸ்தான் என்பதால், அந்த அளவில் ஏறக்குறைய ஒரு மீற்றரிலிருந்து கண்ணுக்கெட்டிய தூரம் வரை எல்லாம் தெளிவாக விழும். ஆட்டோஃபோகஸ் தேடிக்கொண்டு நிற்காது, அழுத்தினால் படம். சத்தமும் இல்லை. லென்ஸுக்குள் இருப்பது இதழ் மாதிரித் திறந்து மூடும் லீஃப் ஷட்டர், காதருகே வைத்தால்தான் ஒரு சின்ன 'டிக்' கேட்கும். கையை இடுப்பளவில் வைத்து எடுக்கப் பழகிவிட்டேன். திரையைப் பார்ப்பது கூட இல்லை, எங்கள் ஊர் மத்தியான வெய்யிலில் பார்த்தாலும் ஒன்றும் தெரியாது.

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தைக்குப் பெரிய கமராவோடு போன நாள் நினைவிருக்கிறது. தூக்கியதும் கத்தரிக்காய் விற்ற அம்மா, "நில்லு தம்பி, சீலையைச் சரி பண்ணட்டும்" என்றா. பக்கத்தில் நின்றவர், "தம்பி எந்தப் பேப்பர்?" என்றார். மற்றவர், "பேப்பர் இல்லை, என்ஜிஓ போல" என்றார். அதற்குள் சந்தை சந்தையாக இல்லை, எல்லோரும் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். அதே அம்மாவைப் பிறகு ஒரு நாள் சின்னக் கமராவில் எடுத்தேன். சீலைத் தலைப்பு முடிச்சைப் பல்லால் இழுத்து அவிழ்த்து, சுருட்டி வைத்த இருபது ரூபாத் தாளை எடுத்து மிச்சக் காசு கொடுக்கிறா. விரல் நகத்துக்குள் வலிகாமத்துச் செம்மண். எடுத்த பிறகு திரையில் காட்டினேன். கனநேரம் பார்த்துவிட்டு, "என்ர அம்மா மாதிரியே இருக்கிறன்" என்றா. பிரிண்ட் போட்டுக் கொடுத்தேன், கடைக் கம்பத்தில் கொஞ்ச நாள் ஒட்டியிருந்தது. பெரிய கமராவில் இத்தனை வருடம் உழைத்தும் இப்படி ஒரு படம் எனக்கு விழவில்லை.

சரி, இனிப் புள்ளி.

2023 நல்லூர்த் திருவிழாவில் அது வந்தது. கோவிலுக்குள் படம் எடுக்கக் கூடாது, வெளிவீதியில்தான் நின்றேன். நல்ல சோழகக் காற்று, தென்மேற்கிலிருந்து வீசுவது. உருண்டு பிரதட்டை செய்பவர்களுக்காகப் பரப்பிய மணல் எல்லாம் காலில் மிதிபட்டு மாவாகிப் பறக்கிற நேரம். 25 நாளும் சட்டைப் பொக்கற்றில், வேட்டி மடிப்பில் என்று கமராவைச் செருகிக்கொண்டு திரிந்தேன், உறையும் இல்லை. லென்ஸ் வெளியே நீளும்போது உள்ளே இடம் கூடுகிறது, இடம் கூடினால் காற்று உள்ளே போகும், காற்றோடு தூசியும் போகும். ஒரு நாளைக்கு நூறு தடவை அணைத்து அணைத்துப் போட்டால், நூறு தடவை அது மூச்சு வாங்குகிறது. நான் உறையில் வைத்திருந்தால் இவ்வளவு வந்திராது. அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் உறையில் வைத்திருந்தால் அந்தப் படங்களும் வந்திரா.

சென்சர் தூசி எஃப்/2.8 இல் தெரியாது. துளை பெரிதாக இருக்கும்போது அதன் நிழல் கலைந்து கரைந்துபோகும். எஃப்/8 க்கு மூடினால் எட்டிப் பார்க்கும், எஃப்/16 இல் கரியால் பொட்டு வைத்த மாதிரி நிற்கும். மலைநாட்டில் இருப்பவனுக்கு இது பெரிய தலையிடி இல்லாமல் இருக்கலாம், அவன் படத்தின் மேல் பாதியில் தேயிலையும் மரமும் இருக்கும். எங்கள் ஊர் தட்டை நிலம். பண்ணைப் பாலத்தில் நின்று எடுத்தாலும், குறிகட்டுவான் இறங்குதுறையில் நெடுந்தீவு வள்ளம் ஏறும்போது எடுத்தாலும், படத்தில் அரைவாசி வானம். மழை மாசங்களை விட்டால் அந்த வானத்தில் ஒரு முகில் கூட இல்லை, துடைத்து வைத்த தட்டம் மாதிரி இருக்கும். அதில் ஒரு புள்ளி. கம்பியூட்டரில் ஒரு படத்தில் அழித்து, அதே இடத்தை மற்ற எல்லாப் படத்துக்கும் ஒட்டலாம் என்பது உண்மைதான். வானம் என்றால் சரி. அந்த இடத்தில் பனை வட்டோ கிடுகு வேலியோ வந்தால், ஒட்டுப் போட்டது தனியாகத் தெரியும், ஒவ்வொன்றாகக் குந்தியிருந்து திருத்த வேண்டும்.

வேறு வழியும் பார்த்தேன். கமராவுக்குள்ளேயே வெளிச்சத்தைக் குறைக்கும் என்டி பில்டர் இருக்கிறது. அதைப் போட்டு எஃப்/2.8 இல் எடுத்தால், கொளுத்துகிற வெய்யிலிலும் 1/800 செக்கன் அளவில் எடுக்கலாம், புள்ளியும் தெரியாது. ஆனால் எஃப்/2.8 இல் 2 மீற்றர் பூட்டு வேலை செய்யாது, ஆள் ஒன்றிரண்டு அடி கிட்ட வந்தாலே கண் மங்கத் தொடங்கும். நான் இந்தக் கமராவை எதற்காக வைத்திருக்கிறேனோ அதற்கு எஃப்/8 வேண்டும். எஃப்/8 என்றால் புள்ளி. வாகனம் கழுவும் இடத்தில் கெஞ்சிக் கேட்டு, தூசி உறிஞ்சும் வாக்குவம் குழாயை லென்ஸ் வாயில் கையால் பொத்திப் பிடித்து, கமராவைப் போட்டுப் போட்டு அணைத்தும் பார்த்தேன். புள்ளி கொஞ்சம் கீழே இறங்கியது, பிறகு தானாகவே மேலே போய்விட்டது. இதை நீங்கள் செய்ய வேண்டாம், உள்ளே மோட்டார் போனால் கமராவே போச்சு.

இதை ஒரு எரிச்சல் என்று மட்டும் வைத்துக்கொண்டிருந்தேன், எங்கள் சந்தியில் சைக்கிள் திருத்திய ஐயா காலமாகும் வரைக்கும். 31 ஆம் நாளுக்குக் கல்வெட்டு (நினைவுப் புத்தகம்) அடிக்க மகன் வந்து, அப்பாவின்ர நல்ல படம் இருக்கோ என்று கேட்டார். கோட்டுப் போட்டு ஸ்ரூடியோவில் எடுத்த படம் அவர்களிடமே இருந்தது, அதை அம்மா வேண்டாம் என்றாவாம். என்னிடம் இருந்தது ஐயா சில்லைத் தூக்கிப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக் கோணல் பார்க்கிற படம். சின்னக் கமரா, எஃப்/8, 2 மீற்றர். அச்சகத்துக்கு அன்று மத்தியானமே கொடுக்க வேண்டும் என்றார். கலரைப் பார்த்தேன், வெளிச்சத்தைப் பார்த்தேன், அவசரத்தில் அனுப்பிவிட்டேன். அந்தியேட்டியன்று புத்தகம் கையில் வந்தது. ஐயாவின் நெற்றிக்கு மேலே, வெள்ளைச் சுண்ணாம்புச் சுவரில், அந்தப் புள்ளி. வீட்டில் ஒருவரும் கவனிக்கவில்லை, சுவர் அழுக்கு என்று நினைத்திருப்பார்கள். அம்மா படத்தைத் தடவிக்கொண்டு இருந்தா. எனக்கு அங்கே சோறு இறங்கவில்லை. புத்தகம் என் மேசை லாச்சியில் இருக்கிறது, இன்னும் திறக்க மனம் வரவில்லை.

அதற்குப் பிறகுதான் கொழும்புக்கு அனுப்பினேன். யாழ்ப்பாணத்தில் இதைப் பிரித்துப் பூட்ட ஒருவரும் கை வைக்கவில்லை. கொழும்புக் கடை எது என்று சொல்லப் போவதில்லை. முதல் கிழமை, பார்க்கிறோம் என்றார்கள். மூன்றாம் கிழமை, முழு லென்ஸ் பகுதியையும் மாற்ற வேண்டும் என்று ஒரு விலை சொன்னார்கள். அந்தக் காசுக்கு என் பெரிய கமராவுக்கு நல்ல பழைய லென்ஸ் ஒன்றே எடுக்கலாம். சுத்தம் மட்டும் செய்யுங்கள் என்றேன். செய்தார்கள், காசும் வாங்கினார்கள். ஒரு புள்ளியை எடுத்து இன்னொன்றை உள்ளே வைத்துப் பூட்டி அனுப்பியிருக்கிறார்கள். தூசியில்லாத அறையில் செய்ய வேண்டிய வேலை இது. அப்படி அறை இல்லையென்றால் இல்லை என்று முதலே சொல்லியிருக்கலாம். 6 கிழமை!

பெரிய கமராவிலும் தூசி விழும். லென்ஸ் மாற்றும்போது மார்க் 3 இன் சென்சர் வாயைத் திறந்துகொண்டுதான் இருக்கும். ஆனால் லென்ஸைக் கழற்றி, கமராவைக் கவிழ்த்துப் பிடித்து, றப்பர் ஊதியால் நாலு தரம் ஊதினால் போய்விடும். போகாவிட்டால் ஈரத் துடைப்பானால் ஒரு இழுவை. கலியாண வீட்டுக் கக்கூசுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு அரை நிமிடத்தில் செய்திருக்கிறேன். மச்சான் கேட்கிற மார்க் 4 இல் அணைக்கும்போது ஷட்டர் தானே மூடிக்கொள்ளும் வசதியும் இருக்கிறது, மெனுவில் போய் ஓன் பண்ண வேண்டும். அப்புறம், இரண்டு மெமரி கார்ட். தாலி கட்டுவது ஒரு தரம்தான், அந்த நேரம் ஒரு கார்ட் படுத்தாலும் மற்றதில் இருக்கும். ஐயரின் ஓமப் புகைக்குப் பின்னால், குத்துவிளக்கு வெளிச்சத்தில், இருட்டுக்காக ஐஎஸ்ஓவை 6400 க்கு ஏற்றியும் கண்ணைத் தேடிப் பிடிக்கிறதே, அதைச் சின்னதிடம் கேட்கவே கூடாது. ஒரு பற்றரி சரியாகப் பாவித்தால் அரை நாள் கலியாணத்தைத் தாங்கும். சின்னதுக்கு மூன்று பற்றரி பொக்கற்றில் வேண்டும்.

இரண்டுக்கும் நடுவில் ஏதாவது இல்லையா என்றும் மச்சான் கேட்டான். ஃபியூஜிஃபிலிமின் எக்ஸ்100 வரிசையில் 2024 இல் வந்தது இருக்கிறது, வியூஃபைண்டரும் உண்டு. தனியாக வளையமும் பில்டரும் வாங்கிப் பூட்டினால் தூசி, மழை தாங்கும் என்கிறார்கள். 521 கிராம். சட்டைப் பொக்கற்றில் போட்டால் சட்டை ஒரு பக்கம் இழுக்கும். பொக்கற்றில் போக முடியாது என்றால் பெரியதையே தூக்கலாம் என்பது என் எண்ணம்.

ஆகவே மச்சான், ஏ7 மார்க் 4 ஐ வாங்கு. உனக்குச் சின்னது வேண்டாம். நீ வருவது சோழக மாசத்தில், நிற்பது நல்லூர் வீதி மணலில், நிற்கப்போவதும் மூன்று கிழமைதான். புள்ளி விழுந்தால் அங்கே திரும்பிப் போய்த் திருத்த உனக்கு வசதி இருக்கும், ஆனால் இங்கே எடுத்த படம் எல்லாம் புள்ளியோடுதான் போகும். இவ்வளவு நேரம் அதைப் புகழ்ந்துவிட்டு இப்படிச் சொல்கிறேனே என்று கேட்காதே. அந்தக் கல்வெட்டு லாச்சிக்குள் இருக்கும்வரை எனக்கு வேறு பதில் வராது. லென்ஸ் 35 மிமீ ஒன்று போதும், 24-70 ஐ வாங்கித் தோளை முறிக்காதே.

வரும்போது எனக்கு வாயை அழுத்தி மூடும் ஸிப் வைத்த பொலித்தீன் பை, உள்ளங்கை அளவில், ஒரு கட்டு கொண்டு வா. இங்கே கிடைக்கிறவை இரண்டு நாளில் வாய் பிளந்துவிடுகின்றன. இந்தமுறை தேருக்குச் சின்னதைப் பைக்குள் போட்டுத்தான் கொண்டு போவேன்.